அது நாட்டுப்பாடல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் திரைப்படக் கட்டுரையில், 'தி லயன் கிங்' (1994) படத்தில் டிமோனும் பும்பாவும் பாடிக்கொண்டு போகிற 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' பாட்டை, 'யார் இயற்றியதென்று தெரியாத ஆப்பிரிக்க நாட்டுப்பாடல்' என்று எழுதிவிட்டீர்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

யாரென்று நன்றாகவே தெரியும். சாலமன் லிண்டா என்ற தென்னாப்பிரிக்க ஜூலு இனப் பாடகர். 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில், காலோ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் குழுவோடு அவர் பாடிய 'இம்பூபே'தான் இதன் மூலம். இம்பூபே என்றால் சிங்கம். மூன்றாவது முறை பதிவு செய்தபோது, பாட்டின் கடைசியில் அவர் வாயில் தானாக வந்து விழுந்த மெட்டைத்தான் இன்று உலகமே முணுமுணுக்கிறது. உரிமைக்கென்று அவர் கையில் கொடுத்தது 10 ஷில்லிங். நீங்கள் ஜூலு சொல் என்று அச்சிட்ட 'விமோவே' எந்த மொழியிலும் இல்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் இசைத்தட்டைக் கேட்டு எழுதியபோது, லிண்டா பாட்டில் வரும் 'உயிம்பூபே' அவர் காதில் அப்படி விழுந்தது, அவ்வளவுதான். 1961இல் டோக்கன்ஸ் குழு ஆங்கில வரிகளோடு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டே லிண்டா வறுமையில் இறந்துபோனார்.

நாட்டுப்பாடல் என்று முத்திரை குத்திவிட்டால் உரிமையாளர் இல்லை. ராயல்டியும் தர வேண்டாம். அதனால்தான் அந்தச் சொல் உறுத்துகிறது. இயற்றியவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 2004இல் லிண்டா குடும்பத்தின் சார்பில், 'லயன் கிங்' எடுத்த டிஸ்னி மீது தென்னாப்பிரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் சமரசம் ஆனது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு நீங்கள் 'தெரியாது' என்று எழுதலாமா?

இது முதல்முறையும் அல்ல. 'அலாதீன்' (1992) தொடக்கப் பாடலையே எதிர்ப்புக்கு அஞ்சி நீக்கினார்கள் என்று முன்பு எழுதினீர்கள். பாடலை யாரும் நீக்கவில்லை. அரபு அமெரிக்கர்கள் கண்டித்ததால், காதை அறுப்பது பற்றிய வரியை மட்டும் 1993 வீடியோவில் மாற்றினார்கள். 'காட்டுமிராண்டித்தனம்' என்ற பொருள்படும் சொல் அப்படியே இருந்தது; 2019இல் வந்த புதிய படத்தில்தான் அது போனது. மாற்று வரியும் 1991இலேயே இறந்த அதன் பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன் எழுதி வைத்திருந்ததுதான். பெகி லீயைப் பாடகி என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். 'லேடி அண்ட் த டிராம்ப்' (1955) படத்தில் பலரும் இன்று குறை சொல்கிற சயாமியப் பூனைகள் பாட்டை சன்னி பர்க்கோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். வீடியோ கேசட் வருமானத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டு டிஸ்னி மீது வழக்குப் போட்டு, 1991இல் 23 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கியவரும் அவர்தான்.

இவை பற்றி முன்பே இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். ஒரு வரிகூட வெளியாகவில்லை. இப்போதும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், 'மூலப் பாடல்: சாலமன் லிண்டா, 1939' என்று மட்டும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்