வெறும் பாத்திரம் தந்தவர்களுக்கும் நன்றி

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு,

வெள்ள நிவாரண முகாமுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. இருப்பையும் தேவையையும் எழுதிப் பார்த்தால் எந்த வேளையும் கணக்கு ஒத்துவராத முகாம் அது. இயேசு ஐயாயிரம் பேரைப் போஷித்த நாளில், இருநூறு பணத்து அப்பமும் இத்தனை பேருக்குப் போதாது என்ற சீடன் பிலிப்புவின் கணக்கில் தவறில்லை. ஆண்டவர் கேட்டதும் கணக்குதான்: உங்களிடத்தில் எத்தனை அப்பங்கள் உண்டு, போய்ப் பாருங்கள். ஆகவே முதல் நன்றி, மூட்டைகளைப் பிரித்து எண்ணி, உள்ளதை உள்ளபடி எழுதித் தந்தவர்களுக்கு. எண்ணாமலே "தேவன் பார்த்துக்கொள்வார்" என்பது விசுவாசம் அல்ல, சோம்பல்.

டிரம்களும் தொட்டிகளும் இரவல் தந்தவர்களே, வெறும் பாத்திரம்தானே கொடுத்தோம் என்று நினைக்க வேண்டாம். கடன் தொல்லையால் எலிசா தீர்க்கதரிசியிடம் முறையிட்ட விதவையும் அயலாரிடம் வாங்கியது வெறும் பாத்திரங்களைத்தான். தன் குடத்து எண்ணெயை அவற்றில் வார்த்துக்கொண்டே இருந்தாள்; பாத்திரங்கள் தீர்ந்தபோதுதான் எண்ணெய் நின்றது. குடிக்க, சமைக்க, கழுவ என ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். 200 பேருக்கு 3,000 லிட்டர். பிடித்துவைக்க இடம் இல்லையென்றால் லாரி வந்தும் பயனில்லை.

தண்ணீரைச் சுத்திகரித்த இளைஞர்களுக்குத் தனி நன்றி. கலங்கல் நீரில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் சேற்றோடு வினைபுரிந்தே செலவாகிவிடும், கிருமி பிழைத்துக்கொள்ளும். அதனால் முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைத்தார்கள். தெளிந்த 1,000 லிட்டருக்கு, 33 சதவீதக் குளோரின் உள்ள தூள் சுமார் 2.5 கிராம். அதைக் கொஞ்சம் நீரில் குழைத்து, வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேல்நீரை மட்டும் ஊற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி சேர்க்க வேண்டும். திறந்து கிடந்த பையிலிருக்கும் தூள் ஈரத்தில் வீரியம் இழந்திருக்கும் என்பதால், அளவை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தொட்டியையும் சோதித்தார்கள்.

வயிற்றுப்போக்கு கண்டவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கிய சகோதரிகளுக்கும் நன்றி. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. அளவை ஒருவர் போட இன்னொருவர் சரிபார்த்ததும், 24 மணி நேரம் கடந்த கரைசலைத் தயங்காமல் கொட்டியதும் சரியான வேலை.

பந்தி வரிசை பார்த்தவர்கள் மாற்கு தம் சுவிசேஷத்தில் எழுதியபடியே செய்தார்கள்: நூறுபேரும் ஐம்பதுபேருமாக உட்காரவைத்துப் பரிமாறினார்கள். வண்டியைச் சுற்றி முண்டியடிக்கும் இடத்தில் பலசாலிக்கு இரண்டு பங்கு கிடைக்கும். முதியவரும் கைக்குழந்தைக்காரியும் வெறுங்கையோடு திரும்புவார்கள். கழிப்பறைகளைக் கழுவியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, தேவன் அறிவார். என்ன தேவை என்று கேட்டுவிட்டு அனுப்பியவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. கேட்காமல் வந்த பழந்துணி மூட்டைகளைத் தரம்பிரிக்கவே ஆட்கள் தனியாக வேண்டியிருந்தது. (அன்பில் குறையில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.)

"இரண்டு மணி நேரம்தான் வரமுடியும்" என்று தயங்கியவர்களே, அந்த நேரத்தில்தான் மற்றவர்கள் தூங்கினார்கள். தூக்கமில்லாதவர் கையில் மருந்தளவு தவறும். பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவளித்த சாறிபாத் ஊர் விதவையின் மாவுப் பானை ஒருநாளும் நிரம்பி வழிந்ததாக எழுதப்படவில்லை. மாவு தீர்ந்துபோகவில்லை, அவ்வளவுதான். நம் முகாமின் களஞ்சியமும் அப்படித்தான் நடந்தது. மறுவேளைக்கான இருப்பு சில சமயம் பரிமாறும்போதுதான் வந்து இறங்கியது. ஜெபித்தவர்களும் சுமந்து வந்தவர்களும் அதில் ஒரே பங்காளிகள்.

மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொன்னவர் ஆண்டவர். ஆகையால் மிஞ்சிய பிளீச்சிங் பவுடரைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, நிழலில் வைத்திருக்கிறோம். டிரம்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. உங்கள் அடையாளக் குறியைப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். மூடி மாறிப் போனவற்றை வாசல் அருகே தனியாக வைத்திருக்கிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
நிவாரணக் குழுவினர்