பெரும்பான்மை என்று எழுதும் முன்: ஆதிரைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆதிரை,

உன் கட்டுரையைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது, கடைசிப் பத்தியைத் தவிர. "மக்கள் மனம் மாறிவிட்டது, இனி சட்டம் மாறுவதுதான் பாக்கி" என்று முடித்திருக்கிறாய். பிரிட்டனின் கஞ்சாச் சட்டத்தை வைத்துக்கொண்டு அப்படி எழுத முடியாது. அங்கே சட்டத்தை முன்னும் பின்னும் இழுத்ததில் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதைவிட, நாளைக் காலை என்ன தலைப்பு வரும் என்பதுதான் அமைச்சர்களுக்குப் பெரிய கவலை.

அறிக்கைகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்வியால் இந்தியாவில் கஞ்சா பற்றி ஆணையம் வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். முழுத் தடை தேவையில்லை என்றது ஆணையம். 1968இல் வூட்டன் குழு, சிறு அளவு வைத்திருப்பவர்களைச் சிறைக்கு அனுப்பவேண்டாம் என்றது. உள்துறை அமைச்சர் கல்லகன், குழு கஞ்சா ஆதரவாளர்களின் பேச்சுக்கு மயங்கிவிட்டது என்ற தொனியில் நாடாளுமன்றத்தில் பேசி, அதை ஒதுக்கினார்.

நீ கவனிக்கவேண்டிய கதை 1997இல் தொடங்குகிறது. 'இண்டிபெண்டன்ட் ஆன் சண்டே' இதழின் ஆசிரியர் ரோசி பாய்காட், கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்று இயக்கமே தொடங்கினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் ஹைட் பார்க்கிலிருந்து டிரஃபால்கர் சதுக்கத்துக்கு ஊர்வலம் போனார்கள். அரசு அசையவில்லை.

2000 அக்டோபரில், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் மாநாடு. நிழல் உள்துறை அமைச்சர் (எதிர்க்கட்சியில் உள்துறையைக் கவனிப்பவர்) ஆன் விடிகம், எவ்வளவு சிறிய அளவு வைத்திருந்தாலும் 100 பவுண்டு அபராதம் என்று முழங்கினார். கைதட்டல் அடங்குவதற்குள், நிழல் அமைச்சரவையில் இருந்த 7 பேர் இளமையில் கஞ்சா புகைத்ததை 'மெயில் ஆன் சண்டே'யிடம் ஒப்புக்கொண்டார்கள். திட்டம் அதோடு சரி. அப்போது கட்சித் தலைவர் வில்லியம் ஹேக். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்.

2001இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் பிரையன் பாடிக் என்ற காவல் அதிகாரி, கஞ்சா வைத்திருப்பவர்களைக் கைது செய்யாமல் எச்சரித்து அனுப்பும் சோதனையைத் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட், கஞ்சாவை பி பிரிவிலிருந்து சி பிரிவுக்கு இறக்கப்போவதாகச் சொன்னார். அங்கே போதைப்பொருள்களை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள்; தண்டனை ஏ பிரிவுக்கு அதிகம், சி பிரிவுக்குக் குறைவு. 2004 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வைத்திருந்தால் கிடைக்கும் அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டிலிருந்து 2 ஆண்டானது. ஆனால் கூடவே சி பிரிவுப் பொருள்களை விற்பதற்கான தண்டனையை 14 ஆண்டாக உயர்த்தி, பி பிரிவுக்குச் சமமாக்கிவிட்டார்கள். கைது செய்யும் அதிகாரமும் போகவில்லை. இவ்வளவு சின்ன மாற்றத்தைத்தான் "அரசு கஞ்சாவுக்குக் கதவைத் திறந்துவிட்டது" என்று வாசகர்கள் படித்தார்கள்.

அப்புறம் 2007 மார்ச். அதே 'இண்டிபெண்டன்ட் ஆன் சண்டே', பாய்காட் வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்து, அந்த இயக்கத்தை நடத்தியதற்காக முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. இப்போது விற்கும் ஸ்கங்க் (வீரியம் மிகுந்த கஞ்சா வகை) பத்தாண்டுக்கு முன்பு கிடைத்ததைவிட 25 மடங்கு வீரியம் கொண்டதாம். கணக்குப் போட்டுப் பார். அந்தக் காலகட்டத்தில் காவல்துறை பறிமுதல் செய்த ஸ்கங்கில், போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி சுமார் 15 சதவீதம். 25 மடங்கு என்றால் பழைய சரக்கில் 0.6 சதவீதம்தான் இருந்திருக்கவேண்டும். அதை யார் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்? ஆய்வக அளவுகள் காட்டிய உயர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவே கவலைப்படவேண்டிய விஷயம்தான். வீரியம் கூடிய வகையைத் தினமும் புகைப்பவர்களிடம் மனப்பிறழ்வு அதிகம் என்று தெற்கு லண்டனில் நடந்த ஆய்வுகள் பின்னால் காட்டின. உண்மையே போதுமானதாக இருந்தபோது எதற்கு 25 மடங்கு என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

அந்த ஜூலையில் உள்துறை அமைச்சராக இருந்த ஜாக்கி ஸ்மித், மாணவியாக இருந்தபோது தானும் புகைத்ததாகச் சொன்னார். மறு ஆண்டு அவரே கஞ்சாவை பி பிரிவுக்குத் திருப்பப்போவதாக அறிவித்தார். போதைப்பொருள் பற்றிய அரசின் ஆலோசனைக் குழு சி பிரிவிலேயே இருக்கட்டும் என்று மீண்டும் சொல்லியும் கேட்கவில்லை. இத்தனைக்கும் கஞ்சா சி பிரிவில் இருந்த அந்த ஆண்டுகளில் இளைஞர்களிடம் அதன் பயன்பாடு குறைந்துகொண்டே வந்தது. இதை எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டதாக எனக்கு நினைவில்லை. 2009 அக்டோபரில் அந்தக் குழுவின் தலைவர் டேவிட் நட், மதுவும் புகையிலையும் கஞ்சாவைவிடக் கெடுதல் என்று சொன்னதற்காகப் பதவி இழந்தார்.

2018இல் வலிப்பு நோயுள்ள 12 வயதுச் சிறுவனுக்காகத் தாய் கனடாவிலிருந்து கொண்டுவந்த கஞ்சா எண்ணெயை லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் பறித்துக்கொண்டார்கள். பையன் மருத்துவமனையில் சேர்ந்தான், எல்லாச் செய்தியிலும் அவன் முகம். சில மாதங்களில், நவம்பர் 1 முதல், சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்து எழுதித்தர அனுமதி வந்தது. 1893 முதல் குவிந்த அறிக்கைகளால் ஆகாதது சில நாள் செய்தியில் ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் எந்த வழியில் நடந்தது என்று பார். அந்தச் சமயத்தில் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகையில், கஞ்சாவுக்கு எதிரான போரில் தோற்றுவிட்டோம், சட்டபூர்வமாக்கலாம் என்று எழுதியவர் யார் தெரியுமா? அதே வில்லியம் ஹேக். பதவியில் இருப்பவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்பதற்கு அவரே சாட்சி. உள்துறை அமைச்சர் சஜித் ஜாவித் உடனே மறுத்துவிட்டார்.

ஆகவே கடைசிப் பத்தியை எடுத்துவிடு. அந்த இடத்தில் 2004க்கும் 2009க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை வை: என்ன தலைப்புகள் வந்தன, ஆலோசனைக் குழு என்ன சொன்னது, பயன்பாடு எப்படிப் போனது. மூன்றையும் மாதவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் என்றால் நானும் உட்கார்ந்து பார்ப்பேன்.

அன்புடன்,
மாமா