விடுப்பு முடிந்து திரும்பிய மகளுக்கு

குடியாத்தம்,
வைகாசி 18

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று இரவு பத்தரை மணிக்கு நீ தொலைபேசியில் அழைத்தபோது, அம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டு என் கைக்கு வந்ததும் உன் குரல் தழுதழுத்ததைக் கவனித்தேன். பதினான்கு நாள் ஊருக்கு வந்து போனதற்குள் எண்ணூற்றுச் சொச்சம் மின்னஞ்சல்கள் சேர்ந்துவிட்டன என்றும், பெங்களூரு திரும்பி ஒரு வாரமாக இரவு பதினொன்று வரை உட்கார்ந்தும் பாதிகூடக் குறையவில்லை என்றும் சொன்னாய். அதோடு விடாமல், "இதற்கு வராமலே இருந்திருக்கலாம்ப்பா" என்றும் சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தை அம்மாவின் காதில் விழவில்லை. எனக்குத்தான் அதன்பிறகு தூக்கம் வரவில்லை. நேரில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் நிறுத்திவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

உன் கணினி வேலை எனக்குத் தெரியாது. ஆனால் விடுப்பு முடிந்து வருகிறவனுக்காக மேசைமேல் காத்திருக்கும் குவியலை எனக்கு நன்றாகத் தெரியும். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். ஆண்டுக்கு முப்பது நாள் ஈட்டிய விடுப்பு கணக்கில் ஏறும். அதில் பதினைந்தை ஒப்படைத்துச் சம்பளமாக வாங்கி, ஜூன் மாதத்தில் உன் பள்ளிக் கட்டணத்தையும் உன் அண்ணனின் கட்டணத்தையும் கட்டுவேன். மீதியும் பெரும்பாலும் சேர்ந்துகொண்டே போய், ஓய்வு பெற்றபோது இருநூற்று நாற்பது நாளுக்குப் பணமாகக் கையில் வந்தது. அலுவலகத்தில் அதைச் சாமர்த்தியம் என்றார்கள். குவியலுக்குப் பயந்துதான் பாதி விடுப்பை நான் எடுக்கவே இல்லை என்பதை அம்மாவிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

எடுத்த ஒரே நீண்ட விடுப்பு 1998-இல். உன் சித்தியின் கல்யாணத்தை முடித்துக்கொண்டு நால்வரும் இராமேசுவரமும் கன்னியாகுமரியும் போனோம். உனக்கு நான்கு வயது; அலையைப் பார்த்து அழுதாய். அப்போது வள்ளுவர் சிலை திறக்கப்படவில்லை, 2000 ஜனவரி 1-இல்தான் திறந்தார்கள். கடலுக்கு நடுவே பாறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. பதினெட்டு நாள் கழித்து ஜூன் முதல் வாரத்தில் திரும்பினேன். எந்த ஊர் அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். வருவாய்த் துறையின் ஆண்டுக்கணக்கான பசலியில் 1407-க்கான ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கணக்குகளை அதற்கு ஆயத்தம் செய்யும் பரபரப்பில் என் தபாலை யாரும் தொட்டிருக்கவில்லை. நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட காகிதங்கள், ஒரு பழைய மரத்தட்டில், வந்த வரிசையில் அடுக்கப்பட்டு, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கருங்கல்லுடன் கிடந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேர்மையாக வேலை செய்கிறேன் என்று எண்ணிக்கொண்டு அடியிலிருந்து தொடங்கினேன். முதலில் வந்தவருக்கு முதலில் பதில் என்பதுதான் நியாயம் என்று தோன்றியது. ஐந்து நாள், காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை, ஒன்றன்பின் ஒன்றாக, என்னிடம் வரும் காகிதங்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் பதிந்து, கோப்பில் சேர்த்து, வரைவு எழுதி, அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஆறாம் நாள் பிற்பகலில் ஓர் அம்மாள் வந்து மேசைக்கு எதிரே நின்றார். பாலாற்றுக்கு அக்கரைக் கிராமம். கோடையில் ஆறு வெறும் மணலாக இருக்குமே, அதில் நடந்தே வந்திருந்தார். சேலைக் கரையிலிருந்து முழங்கால் வரை மணல் ஒட்டியிருந்தது. கணவர் அரசுப் பணியில் இருந்தபோது இறந்துவிட்டார். மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்பதற்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டு முடிய இன்னும் இரண்டே நாள் இருந்தது. வாரிசுச் சான்று இல்லாமல் விண்ணப்பத்தை முழுமையாகக் கொடுக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் வருவாய் ஆய்வாளரின் அறிக்கையும் நான் விடுப்பில் இருந்தபோதே வந்துவிட்டன. தட்டின் மேற்பகுதியில், கருங்கல்லுக்குக் கீழே ஏழாவது காகிதமாக அவை இருந்தன. எனக்கு அது அரை மணி நேர வேலை. அவர் அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக வந்திருந்தார். "நீங்க லீவுல இருந்து வந்து நெறைய வேலைன்னு சொன்னாங்க சார், தொந்தரவு பண்ண வேணாம்னு வெளியவே ஒக்காந்துட்டுப் போயிட்டேன்" என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த அவரைக் கடந்து இரண்டு நாள் நான் டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

அன்று மாலையே வட்டாட்சியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவர்கள் விண்ணப்பத்தைச் சேர்த்தும்விட்டார்கள். என் சுறுசுறுப்பால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு போகவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம்.

இந்தக் கதையை நான் உனக்கு எழுதுவதற்குக் காரணம், நீயும் ஒரு வாரமாக அடியிலிருந்துதான் ஏறிக்கொண்டிருக்கிறாய் என்று உன் பேச்சிலிருந்து தெரிந்ததுதான். "இன்னும் பன்னிரண்டாம் தேதியையே தாண்டவில்லை" என்றாயே, அது போதும் எனக்கு. அப்படிச் செய்யாதே. மேலிருந்து படி.

அரசுக் கடிதத்தில் 'பொருள்' என்ற வரிக்குக் கீழே 'பார்வை' என்று ஒன்று இருக்கும்; பள்ளிக்கூட விடுமுறையில் என் அலுவலகத்துக்கு வந்து உட்காரும்போது அது என்ன என்று நீயே கேட்டிருக்கிறாய். அந்த விஷயம் தொடர்பாக இதுவரை போய்வந்த கடிதங்களின் எண்ணும் நாளும் அங்கே வரிசையாக இருக்கும். ஒரே விஷயத்துக்கு முதல் கடிதம், நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மேலதிகாரி தன் பெயரிலேயே எழுதும் நேர்முகக் கடிதம் என்று நான்கு காகிதங்கள் தட்டில் கிடக்கும்போது, கடைசியாக வந்ததை எடுத்தால் மற்ற மூன்றும் அதன் பார்வையிலேயே அடங்கிவிடும். நான்கையும் சேர்த்து ஒரு டேக் நூலில் கட்டினால் நான்கு வேலை ஒரு வேலையாகிவிடும். சில நேரங்களில் நான்காவதைப் படிக்கும்போது, "மேற்படி விவரம் வேறு வழியில் பெறப்பட்டுவிட்டதால் இனி நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதியிருக்கும், ஒரு வேலையும் இல்லை. அடியிலிருந்து ஏறியவன் முதல் கடிதத்துக்கே ஒரு மணி நேரம் செலவழித்துப் பதில் எழுதி வைத்திருப்பான். நான் அந்த ஐந்து நாளில் அப்படி எழுதிய பதில்கள் பன்னிரண்டுக்குக் குறையாது. உன் மின்னஞ்சலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதில் சேர்ந்து வருவதுதான் என்று உன் அண்ணன் சொல்கிறான். அப்படியானால் இந்த முறை உனக்கு இன்னும் எளிது. ஒவ்வொரு பேச்சிலும் கடைசியாக வந்ததை மட்டும் படி. எண்ணூறு என்பது அதிலேயே நூற்றைம்பதுக்கு இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, முதல் நாளில் எதற்கும் பதில் எழுதாதே. பிரிப்பது வேறு, செய்வது வேறு. இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போய்த்தான் நான் ஏமாந்தேன். எடுத்த காகிதம் சுலபமானதாக இருந்தால் கை தானாக அதை முடிக்கப் பார்க்கும். முடித்த திருப்தியில் அரை நாள் போய்விடும். பிரிக்கும்போது நான் பிற்பாடு கற்றுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்தக் காகிதத்தின் மறுமுனையில் யாராவது ஒரு மனிதர் வாசலில் உட்கார்ந்திருக்கிறாரா? உன் பதில் வராமல் தன் வேலையைத் தொடர முடியாமல் இருக்கும் உன் குழுவின் சின்னப் பெண், தேதி குறித்த பணம், ஒருவருடைய விடுப்பு அனுமதி, இப்படிப்பட்டவை. அவற்றை முதலில் எடு. தலைமை அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரம், 'தகவலுக்காக' என்று பத்துப் பேருக்குப் போன நகல் எல்லாம் காத்திருக்கட்டும். குரல் உயர்த்திக் கேட்பவர்களின் காகிதம் எப்படியும் உன்னிடம் வந்துவிடும். வாசலில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரை நீதான் தேடிப் போக வேண்டும்.

எங்கள் அலுவலக நடைமுறையில் 'கால் புக்' (Call Book) என்று ஒரு பதிவேடு உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் தாட்டன்ஹாம் என்ற அதிகாரியின் பெயரால் வந்த முறை அது. தன்பதிவேடும் அதைச் சேர்ந்ததுதான். நீதிமன்றத் தீர்ப்புக்கோ மேலிடத்து ஆணைக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கோப்பை நிலுவையிலேயே வைத்துக்கொண்டு தினமும் பார்த்துப் பெருமூச்சு விடாமல், மீண்டும் எடுக்க வேண்டிய தேதியைக் குறித்து அந்தப் பதிவேட்டுக்கு மாற்றிவிடலாம். சோம்பேறிகளின் கையில் அது குப்பைத்தொட்டியாகிவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் தேதி குறித்து மாற்றியதை அந்தத் தேதியில் எடுத்துப் பார்க்கிறவனுக்கு அதைப் போல மனத்தை இறக்கிவைக்கும் ஏற்பாடு வேறு இல்லை. அப்படி ஒரு நோட்டு நீயும் வைத்துக்கொள். காகித நோட்டாக இருந்தால் நல்லது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டால் வேண்டியவர்கள் திரும்ப அனுப்புவார்கள் என்று உன் அண்ணன் சொல்கிறான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரும்ப அனுப்பத் தெரிந்தவர்கள், துணிந்தவர்கள், அதிகாரம் உள்ளவர்கள்தான் அனுப்புவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. வைகாசி முதல் நாள் நம் ஊர்த் திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டு வரும்போது, அம்மாவோடு நீயும் தெருவோரத்தில் நின்றாய். மேளமும் தேங்காய் உடைபடும் சத்தமும் காதைப் பிளக்க, கூட்டம் முழுதும் கையைத் தலைக்குமேல் தூக்கியிருந்தது. நீயும் கையைத் தூக்கியிருந்தாய், ஆனால் அதில் கைப்பேசி இருந்தது. படம் எடுக்கிறாய் என்று அம்மா நினைத்தாள். நான் பின்னால் நின்றதால் திரை எனக்குத் தெரிந்தது. நீ யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாய். கோபாலபுரத்து அம்மன் கோயிலுக்குச் சிரசு போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று முறை எடுத்துப் பார்த்தாய். பதினான்கு நாளும் இப்படியேதான் இருந்தது. அவ்வளவு பார்த்தும் குவியல் குறைந்ததா என்றால் இல்லை; நீ விடுப்பிலிருந்து பதில் போட்டதால், நீ இருக்கிறாய் என்று நினைத்து அவர்கள் மேலும் அனுப்பினார்கள். அந்த எண்ணூறில் ஒரு பங்கு உன் பதில்களுக்கு வந்த பதில்களாக இருக்கும், எண்ணிப் பார்.

அடுத்த முறை புறப்படுவதற்கு முன் பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டு வா. நாங்கள் மாறுதலில் போகும்போது சாவி, முத்திரை, நிலுவைப் பட்டியல் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் நகர மாட்டோம். விடுப்பில் போகும்போது மட்டும் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிடுவோம். 1998-இல் நானும் அதைத்தான் செய்தேன். எந்த ஐந்து வேலைகள் நீ இல்லாதபோது நகர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்த அவசரத்துக்கு மட்டும் உன்னை அழைக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, உனக்கு அனுப்புகிறவர்களுக்கும் அந்த நபரின் பெயர் தானாகப் போகும்படி செய்துவிடு. திரும்பும்போதும் ஞாயிறு இரவு காட்பாடியில் ரயில் ஏறித் திங்கள் காலை நேரே கூட்டத்தில் போய் உட்காராதே. சனிக்கிழமையே கிளம்பு. எங்களுக்கு ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை. அம்மா முணுமுணுப்பாள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு, நாளைக் காலை உன் மேலதிகாரியிடம் போய், இந்த வாரம் பிரித்து முடிக்க இவ்வளவு நேரம் வேண்டும், இன்னின்ன கூட்டங்களுக்கு வர இயலாது என்று சொல். அவருக்கு எந்த வேலை முதலில் வேண்டும் என்பதையும் கேள். இரவு பதினொன்று வரை உட்கார்ந்து சத்தமில்லாமல் அள்ளி முடித்தால், அங்கே குவியல் இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. அடுத்த விடுப்புக்கும் யாரையும் நியமிக்க மாட்டார்.

அம்மா கொடுத்த முள்ளுக் கத்தரிக்காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். சுருங்கியிருந்தாலும் புளிக்குழம்புக்கு ஆகும். உன் வெள்ளைச் சார்ஜர் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. எதிர்வீட்டுத் தம்பி சனிக்கிழமை பெங்களூரு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை பேசு. எனக்குப் பதில் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தைத் 'தகவலுக்காக' என்ற கட்டில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா