‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்தாதவர்களுக்கு எங்கள் நன்றி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து, கூடமாட ஆளில்லாமல் வீட்டில் தேறிவந்தவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. துணைக்கு நின்ற அத்தனை பேருக்கும் பெரிய கும்பிடுங்க.

முதல் நன்றி அக்கம்பக்கத்து அக்காமாருக்கு. வந்தவர்களை வயிறு நிறையாமல் அனுப்பாத சீமை இது. ஸ்லீவ் என்னும் இரைப்பைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவருக்கோ இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் குழாயில் 100, 150 மில்லிதான் கொள்ளும். தையல் வீக்கம் வடியும்வரை ஒரு மடக்கு கூடினாலே நெஞ்சடைத்து வாந்தி வரும். “ஏங்கண்ணு, இத்துனூண்டு போதுமா?” என்று கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் மிச்சத்தை எடுத்துப் போனீர்களே, அதைவிடப் பெரிய உபசரிப்பு ஏதுங்க!

முதல் இரண்டு வாரமும் நீராகாரம்தான். வேகவைத்த கொள்ளை மிளகாய் சேர்க்காமல், திப்பி ஒரு துளி இல்லாமல் மெல்லிய துணியில் வடிகட்டித் தந்தீர்கள். இளநீர்க்காரர் வழுக்கை விழாத காயாகப் பார்த்துச் சீவினார். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து குடித்தோம். 30 மில்லி அளவுக் கப்பில் ஊற்றி, கால் மணி நேரத்துக்கு ஒரு கப் என்று உறிஞ்சினால்தான் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போகும். ஸ்ட்ரா ஆகாது, காற்றும் சேர்ந்து இறங்கும். கொள்ளுத் தண்ணீரில் சத்தெல்லாம் இறங்கிவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. புரதத்தில் பெரும்பங்கு திப்பியில்தான் தங்குகிறது. நாளுக்கு 60 கிராமாவது வேண்டும், அதற்குப் புரோட்டீன் பவுடர் இல்லாமல் முடியாது என்று பொறுமையாக விளக்கிய டயட்டீஷியன்களுக்கும் நன்றி.

வீட்டுக்கு அனுப்பும்போதே எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொன்ன வார்டு நர்ஸ்களை மறக்க மாட்டோம். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயு முதல் சில நாள் தோள்பட்டையில் வலிக்கும். நடக்க நடக்கக் குறையும். அதே வலி, குறிப்பாக இடது தோளில், நாளுக்கு நாள் ஏறி, சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி, காய்ச்சலும் 101-க்கு மேல் போனால் இரைப்பைத் தையல் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே 108. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அப்படியே. அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அதற்காகத்தான் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் வாசலுக்கும் புழக்கடைக்கும் நடக்கச் சொன்னார்கள்.

காலையும் மாலையும் போன் போட்டவர்கள் “நல்லா இருக்கீங்களா?” என்பதோடு விடவில்லை. பல்ஸ் எவ்வளவு, எத்தனை கப் இறங்கியது, சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று கேட்டார்கள். தனியாக இருப்பவர் தன் சோர்வைத் தானே எடைபோட முடியாது. அந்தக் கேள்விகள்தான் காவல். மாற்றுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்ன வீட்டுக்கார அம்மாவும் அந்தக் காவலில் சேர்த்தி.

மருந்துக்கடைத் தம்பிகளே, முதுகுவலி என்று வந்து நின்றபோது டைக்ளோபெனாக் தர மறுத்தீர்கள். அந்த வகை மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், பாரசிட்டமால் போதும் என்றீர்கள். மெதுவாகக் கரையும் சர்க்கரை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று அட்டையிலேயே எழுதித் தந்தீர்கள். சாப்பாடு சுருங்கியதும் சர்க்கரையும் சட்டென இறங்கும், பழைய அளவிலேயே மருந்து போட்டால் மயக்கம் வரும், டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றுங்கள் என்று நினைவுபடுத்தியதும் நீங்கள்தான்.

குடம் தூக்கியவர்கள், சிலிண்டர் மாற்றியவர்கள், மேல் தட்டுப் பாத்திரங்களை இடுப்புயரத்துக்கு இறக்கி வைத்தவர்கள் உங்களுக்கும் நன்றி. 15 லிட்டர் குடம் 15 கிலோ. ஒரு மாதத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கினால் ஆபரேஷனுக்கு வயிற்றில் துளையிட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம்.

வாந்தி நிற்காதபோது “சூடு பிடிச்சிருக்கும்” என்று விட்டுவிடாமல் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றி, பார்வையும் நடையும் தடுமாறும்.

இனி வரும் நோம்பிகளிலும் உங்கள் வீட்டு இலையில்தான் உட்காரப் போகிறோம். சின்ன இலை போதுங்க. முட்டையோ பருப்போ முதலில் வையுங்கள், சோறு அப்புறம். தண்ணீர்ச் செம்பு மட்டும் பக்கத்தில் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து நாங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.