ஜெப அறையில் கேட்ட முதல் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்தவ ஊழியர் (போதகர்) ஒருவர் மீது பாலியல் புகார் என்று செய்தி வரும்போதெல்லாம், "அந்தப் பெண் இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று சபைகளில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவர்களை வாயடைக்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

11 வருடம் ஒரு கிறிஸ்தவ ஊழிய அமைப்பின் ஆலோசனைக் குழுவில் இருந்தேன். ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் உட்கார்ந்து, அழுதுகொண்டு வரும் பெண்களுக்காக ஜெபிப்போம். பயிற்சியில் எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் முதல் கேள்வி: "இது உன் வாழ்க்கைக்குள் வர, எந்த வாசலைத் திறந்துவிட்டாய்?" பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்ற வேதத்தின் எபேசியர் வசனம்தான் அதற்கு ஆதாரம். அதை எழுதிய பவுல் அங்கே பேசுவது சூரியன் மறைந்த பிறகும் ஆறாத கோபத்தைப் பற்றி. அதைக்கூட நான் புரட்டிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் 19 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது வண்டியில் மூத்த ஊழியர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததாகச் சொன்னாள். என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்டேன். அவரிடம் முன்பே சிரித்துப் பேசுவாயா என்று கேட்டேன். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல பாவ அறிக்கை செய்ய வைத்தேன். செய்யாத பாவத்துக்கு வரிக்கு வரி மன்னிப்புக் கேட்டுவிட்டு, "தேங்க்ஸ் அக்கா" என்று எழுந்து போனாள். அடுத்த மாதம் அவளைப் பாடல் குழுவிலிருந்து நிறுத்தினார்கள். அவர் வழக்கம்போலப் பிரசங்கித்தார். அவள் மறுபடி அழுதபோது, கசப்பான வேரை வளரவிடாதே, மன்னித்துவிடு என்றோம். யாராவது முணுமுணுத்தால், அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்ற வேதத்தின் சங்கீத வசனம் இருக்கவே இருக்கிறது.

வேதம் அப்படியா சொல்கிறது? வயல்வெளியில் பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணைப் பற்றி உபாகமம் 22 பேசுகிறது. அவள்மேல் மரணத்துக்குரிய பாவம் இல்லை, இது ஒருவன் இன்னொருவனைக் கொலை செய்தது போன்றது என்கிறது. கொலையானவனிடம் எந்த வாசலைத் திறந்தாய் என்று கேட்பார் உண்டா?

தாவீது ராஜா ஆள் அனுப்பி வரவழைத்த பத்சேபாளின் கதையை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருப்பேன்! மொட்டை மாடியில் ஏன் குளித்தாள் என்பதில்தான் எல்லாருக்கும் அக்கறை. 2 சாமுவேல் 11-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள், உப்பரிகையில் உலாத்தியது தாவீது. கண்டிக்க வந்த நாத்தான் தீர்க்கதரிசியும் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனைப் பற்றித்தான் பேசினார். அந்தக் குட்டி ஏன் பணக்காரன் கண்ணில் பட்டது என்று கேட்கவில்லை. துன்பத்தில் கிடந்த யோபுவிடம் வந்து உன் பாவம் என்ன என்று துருவிய மூன்று நண்பர்கள்மேல் கடைசியில் கோபப்பட்டது கடவுளேதான்.

நாங்கள் ஏதோ சின்ன ஊழியம், விவரம் போதாது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்ட கிறிஸ்தவப் பிரசங்கியார் ரவி சகரியாஸ் 2020-இல் இறந்த பின், அவர்மீதான பாலியல் புகார்கள் பற்றி அவருடைய அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. நீ வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழப்பதற்கு நீதான் பொறுப்பு என்று அவர் மிரட்டியதாக ஒரு பெண் அதில் சொல்லியிருக்கிறார். எங்கள் அறையிலும் கிட்டத்தட்ட அதையே சொன்னோம், குரலை உயர்த்தாமல், கண்ணீரோடு.

போன வருடம் அந்தப் பெண்ணைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவள் எந்தச் சபைக்கும் போவதில்லை. யாராவது கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால் உடம்பு நடுங்குகிறது என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை. "அன்றைக்கு என்னை நம்பினீர்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். நம்பினேன். நம்பிக்கொண்டேதான் அந்த ஜெபத்தைச் சொல்ல வைத்தேன்.

ஆலோசனை அறைகளில் இன்றும் உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடமும் அப்படியொரு தாள் இருந்தால் முதல் கேள்வியை அடித்துவிடுங்கள். இன்றிரவு தங்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா, புகார் கொடுக்க நான் துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள். ஜெபம் வேண்டுமா என்பதை அவளே சொல்லட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஆலோசனைக் குழு உறுப்பினர்
(பெயரை வெளியிட வேண்டாம். அந்தப் பெண்ணை அடையாளம் கண்டுவிடுவார்கள்.)