மொறிஸ் மைனர் காரின் மூலப் பதிவுப் புத்தகத்தை இன்னும் தராதது தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,
பழைய வாகன விற்பனைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

உங்களிடம் நீல நிற மொறிஸ் மைனர் வாங்கிய வெள்ளவத்தைக்காரன் எழுதுகிறேன். பதினொரு வாரமாக உங்கள் படியில் ஏறி இறங்குகிறேன், ஆகவே யார் என்று விளக்க வேண்டிய தேவை இருக்காது. வாகன இலக்கம், பற்றுச்சீட்டு இலக்கம், நான் வந்து போன நாட்கள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். போனில் கதைத்துக் களைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

காருக்கு 14 இலட்சம் ரூபா கொடுத்தேன். தவணை இல்லை, கடன் இல்லை, ஒரே நாளில் வங்கிக் காசோலை. பதிலுக்கு நீங்கள் தந்தவை சாவி, பதிவுப் புத்தகத்தின் ஒரு போட்டோ கொப்பி, பதிவு உரிமையாளர் திகதி போடாமல் கையொப்பம் மட்டும் வைத்த எம்டிஏ 6 என்ற கைமாற்றுப் படிவம். மூலப் புத்தகம் தலைமை அலுவலகப் பெட்டகத்தில் இருக்கிறது, இரண்டு வாரத்தில் வீட்டுக்கே வரும் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னார். நல்ல மரியாதையாகத்தான் சொன்னார், நானும் நம்பினேன். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. எப்போது கேட்டாலும் இன்னும் இரண்டு வாரம்தான்.

இனி உங்கள் கவுன்டரில் இருக்கும் இளைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எழுத விரும்பவில்லை, யாரென்று உங்களுக்குத் தெரியும். ஆறாவது வாரம் என் கோப்போடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். கையில் கட்லட். அதே கையால் என் படிவத்தை இழுத்து எடுத்தார். கையொப்பத்துக்கு நேர் மேலே அவருடைய விரலின் எண்ணெய் அடையாளம் இன்றும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். கொப்பியில் இருந்த தெஹிவளை முகவரியைத் தேடிப் போனதையும், பதிவு உரிமையாளர் ஆறு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதையும் அவரிடம் சொன்னேன். தலை நிமிராமலே சொன்ன பதில் இது: “அதுக்கென்ன அங்கிள், சைன் இருக்குத்தானே? திகதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்க. யார் பார்க்கப் போறா?”

ஐயா, நான் 36 வருடம் வங்கியில் வேலை செய்தவன். அதில் பாதிக் காலம் கையொப்பம் சரிபார்க்கும் மேசையில் இருந்தேன். இறந்து போன ஒருவரின் கையொப்பத்துக்கு மேலே இன்றைய திகதியைப் போட்டால் அதன் பெயர் என்ன என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா? வாகனம் கைமாறினால் பதிவு உரிமையாளர் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது, நேற்று வந்ததல்ல. பழைய வாகனம் விற்பதையே தொழிலாகக் கொண்ட நீங்கள் இப்படித் திகதி போடாத ஓபன் பேப்பரைக் கையில் திணித்து அனுப்பிவிட்டு, கள்ளத் திகதி போடும் வேலையை என் தலையில் கட்டுகிறீர்கள். எழுந்து வரும்போது முதுகுக்குப் பின்னால் இன்னொன்றும் கேட்டது: “பழைய சாமான் வாங்கினா இப்படித்தான்.” அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வெரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்கு நான் போன கதையை இன்னும் சொல்லவில்லை. அது அதற்கு முதல், நான்காவது வாரம். செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு எங்கள் ஆள் கோப்போடு கேற்றில் நிற்பார், நீங்கள் வந்தால் மட்டும் போதும் என்று உங்கள் அலுவலகம் போனில் சொன்னது. விடிய எழும்பி, பாமன்கடை வரை நடந்து, 120 பஸ் பிடித்து, எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கவே அங்கே போய் நின்றேன். முதல் அழைப்புக்கு “வந்துகொண்டிருக்கிறேன் சேர்” என்றார். இரண்டாவதுக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவதில் போன் அணைந்துவிட்டது. பதினான்கு முறை எடுத்தேன். மழை வேறு. கோப்பு நனையக்கூடாது என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி வரை நின்றேன். எனக்கு வயது 67, நீரிழிவு இருக்கிறது, காலையில் இரண்டு இடியப்பம்தான் சாப்பிட்டிருந்தேன். கடைசியில் உங்கள் அலுவலகத்துக்கு எடுத்தால், அவர் காலையிலிருந்தே திணைக்களத்தின் நாரஹேன்பிட்டி அலுவலகத்தில் நிற்கிறாராம், நான்தான் இடத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டேனாம்! உங்கள் அலுவலகம் அனுப்பிய குறுஞ்செய்தியில் வெரஹெர என்றுதான் இருக்கிறது. அதன் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

அன்று கிடைத்த ஒரே நன்மை, திணைக்களத்தில் தகவல் பகுதியில் இருந்த அதிகாரி. எனக்குச் சிங்களம் நன்றாக வரும், அவரிடம் சிங்களத்திலேயே கேட்டேன். ஐந்து நிமிடம் என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதினொரு வாரத்தில் நீங்கள் சொல்லாததைச் சொன்னார். கைமாற்றத்துக்கு விற்பவரின் எம்டிஏ 6, வாங்குபவரின் எம்டிஏ 8, அவற்றோடு மூலப் புத்தகம் வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் சத்தியக்கடதாசியும் கொடுத்து இரண்டாவது பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதையும் யாரோ ஒரு மூன்றாம் ஆள் செய்ய முடியாது. உரிமையாளர் உயிரோடு இல்லை என்றால் வாரிசுகளிடம் போக வேண்டும். இதில் எது உங்களுக்குப் புதிது? காரை வாங்கி நிறுத்தும் முன்பே இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் இன்னொன்றும் சொன்னார்: “முதலில் சாசி இலக்கத்தை ஒத்துப் பாருங்கள்.” வீட்டுக்கு வந்து பொனெற்றைத் திறந்து, என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் இருந்த நீலப் பெயின்றை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தேன். ஒவ்வொரு இலக்கமாகத் தெரிய வந்தது. கடைசி இரண்டும் கொப்பியில் இருப்பவை அல்ல. டோர்ச் அடித்துப் பார்த்தேன், மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தோம். அதே வித்தியாசம்தான். கொப்பியில் உற்பத்தி ஆண்டு 1958, என்ஜின் 948 சிசி. நீங்கள் விற்கும்போது விளம்பரத்தில் போட்டது 1098 சிசி. மைனருக்கு 1098 வந்தது 1962இல். எங்கள் மெக்கானிக்கும் பார்த்துவிட்டு 1098தான் என்றார். இடையில் யாராவது என்ஜினை மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மாற்றவில்லை என்றால் நீங்கள் தந்தது வேறொரு காரின் புத்தகக் கொப்பி. இரண்டில் எது என்று எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, என் அப்பா. அவருக்கு 90 வயது. கார் வந்த அன்றே சக்கர நாற்காலியில் வெளியே கூட்டி வரச் சொல்லி, கதவுத் தூணைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். “தம்பி, இதில கை சிக்னல் இருந்த வெட்டைக் காணேல்லையே. 58 எண்டா இருக்க வேணுமே” என்றார். தூணுக்குள்ளிருந்து சிறு கைபோல வெளியே நீளும் அந்தப் பழைய சிக்னலைத்தான் சொன்னார். வயதான மனுசன், ஞாபகம் தடுமாறுகிறது என்று நான் நினைத்துவிட்டேன். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அவர் இளம் வயதில் யாழ்ப்பாணத்தில் ஓட்டியது மைனர். 1950களின் பிற்பகுதியில் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் அதைத் தார் பூசி அழித்த நாட்களை அவர் கண்ணால் கண்டவர். அந்த எழுத்துள்ள காரை நான் வாங்கி வந்தபோது என்ன சொல்வாரோ என்று பயந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தகட்டை ஒருமுறை பார்த்தார், பிறகு ஸ்டியரிங்கில் கையை வைத்தார். பிறந்த நாளுக்கு இந்தக் காரில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகத்தான் இந்த வாங்கலே. பிறந்த நாள் வந்தது, போனது. ஓட்டோவில்தான் போனோம். ஏற்றி இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. திரும்பி வரும்போது “காருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார். நான் என்ன சொல்ல? அந்த நாளை எங்களுக்கு யார் திருப்பித் தருவார்? 14 இலட்சம் அல்ல, 14 கோடி கொடுத்தாலும் அது ஈடாகாது. என் குடும்பத்தின் நிம்மதியை முழுதாக நாசமாக்கிவிட்டீர்கள்.

கார் இப்போது எங்கள் ஒழுங்கையில் தறப்பாளுக்குக் கீழே நிற்கிறது. வருமான அனுமதிப்பத்திரம் முடிந்து வருடக்கணக்கு, அதைப் புதுப்பிக்கப் போனால் மூலப் புத்தகத்தைக் கேட்கிறார்கள். கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று பழைய இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாங்கும்போது வழவழப்பாக இருந்த கதவின் அடிப்பக்கத்தில் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது. நேற்று ஒன்றை நகத்தால் தொட்டேன், செம்மண் போலப் பொடி உதிர்ந்தது. ஞாயிறு தோறும் நல்ல தண்ணீரால் கழுவுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடிகிறது. ஓட்ட முடியாது, விற்க முடியாது, ஒழுங்காகக் காப்புறுதி எடுக்கவும் முடியாது. காசு கொடுத்த நான் அந்தக் காருக்குக் காவல்காரனாக இருக்கிறேன், உரிமையாளனாக இல்லை.

உங்கள் நிறுவனத்தில் எல்லோரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மணி இரண்டு முறை என்னை உட்கார வைத்துத் தேநீர் தந்து, தன்னால் முடிந்தவரை விசாரித்தார். அவருக்கு நன்றி. முகாமையாளராகிய நீங்கள் இவ்வளவையும் அறியாமல் இருக்கலாம் என்றும் நினைக்கிறேன். தயவுசெய்து ஒருமுறை என் கோப்பை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. இந்தக் காருக்குரிய மூலப் புத்தகம், வாரிசுகள் முறையாகக் கையொப்பமிட்ட கைமாற்றுப் படிவம், சாசி இலக்கமும் என்ஜின் விபரமும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு எழுத்து மூல விளக்கம். ஏழு நாளுக்குள் வேண்டும். முடியாது என்றால் காரை உங்கள் செலவில் எடுத்துப் போய், என் 14 இலட்சத்தையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். காரைக் கொடுப்பது என் மனதுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் கொடுப்பேன்.

ஏழு நாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். இன்றோடு பதினொரு வாரம். ஒவ்வொரு முறையும் இன்னும் இரண்டு வாரம் என்று நீங்கள் இழுப்பது இந்தக் காலம் கடந்து போகட்டும் என்றுதானோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இல்லை என்றால் சந்தோசம், செய்து காட்டுங்கள். எட்டாவது நாள் காலை நான் வொக்ஸ்ஹால் வீதியில் அந்த அலுவலகத்தில் இருப்பேன். வேறொரு காரின் கொப்பியைத் தந்த விடயம் அத்தோடு நிற்காது, அதற்குப் பொலிஸ் நிலையம் போக வேண்டி வரும். சட்டத்தரணி ஒருவரிடமும் கதைத்துவிட்டேன். அந்த எண்ணெய் அடையாளப் படிவத்தைப் பத்திரமாகப் பொலித்தீன் உறையில் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் செய்ய எனக்கு விருப்பமில்லை. நல்ல முறையில் முடித்துத் தாருங்கள், நானே வந்து நன்றி சொல்வேன்.

காரைப் பார்வையிட ஆள் அனுப்புவதானால் முதல் நாள் போனில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு வரட்டும், அதற்கு முதல் அப்பா தூங்குவார். தகடு உள்ளே இருட்டில் இருக்கிறது, வருபவரை ஒரு டோர்ச் கொண்டுவரச் சொல்லுங்கள். கவுன்டரில் இருக்கும் அந்த இளைஞரை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

இணைப்பு: பற்றுச்சீட்டு, புத்தகக் கொப்பி, எம்டிஏ 6 படிவத்தின் பிரதி, குறுஞ்செய்தியின் படம், சாசித் தகட்டின் மூன்று படங்கள், வந்து போன நாட்களின் விபரம்.