எலக்ட்ரோலைடிக் செம்பு என்று சொல்லி வேறு செம்பு அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், மோல்டு (வார்ப்பு அச்சு) செய்யும் பட்டறை,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்கள்.

பொருள்: ஸ்பார்க் மெஷின் (மின்பொறியால் எஃகைக் கரைத்துக் குடையும் மெஷின்) எலெக்ட்ரோடுக்கு, அதாவது பொறி பாய்ச்சும் முனைக்கு, வாங்கிய செம்புக் கட்டைகள் தரமற்றவை, பணத்தைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜூன் 12ஆம் தேதி உங்களிடம் 38 கிலோ செம்புக் கட்டை வாங்கினேன். 'எலக்ட்ரோலைடிக் செம்பு, 99.9 சதவீதம், ஸ்பார்க் மெஷின் எலெக்ட்ரோடுக்கு' என்று ஆர்டரில் எழுதிக் கொடுத்திருந்தேன். மின்சாரத்தால் சுத்திகரித்த தூய செம்பு என்பதுதான் அதற்குப் பொருள். உங்கள் பில்லிலும் அதே சொற்கள்தான் இருக்கின்றன. ஆனால் வந்து இறங்கியது அந்தச் செம்பு அல்ல. மூன்று முறை தொலைபேசியில் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனி எழுத்தில்தான் பேச வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

கையில் இருந்த வேலை, மின்சார மீட்டரின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிக்கான மோல்டு. எஃகை 52 ராக்வெல் (கடினத்தன்மை அளவு) வரை கடினப்படுத்தியிருந்தோம். அதில் 0.8 மி.மீ. அகலத்தில் 15 மி.மீ. ஆழத்துக்குக் காடிகள் இறக்க வேண்டும். அடிப்பரப்பு பளபளவென்று வர வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்கு நான் செம்பைத்தான் எடுப்பேன். பரப்பு நைசாக வரும், பாலிஷ் போடும் நேரம் குறையும். ஒரு ரஃப் எலெக்ட்ரோடு, ஒரு ஃபினிஷ் எலெக்ட்ரோடு என்று காடிக்கு இரண்டில் முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

உங்கள் கட்டையில் கடைந்த முதல் எலெக்ட்ரோடு 9 மி.மீ. இறங்குவதற்குள் மூலை மழுங்கிவிட்டது. வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கத்திபோல் இருக்க வேண்டிய விளிம்பு, சப்பிய மிட்டாய்போல் உருண்டு கிடந்தது. ஒரே காடிக்கு ஐந்து எலெக்ட்ரோடு போயிற்று. அதைவிட வேதனை, அடிப்பரப்பில் கடுகளவில் எஃகுப் புடைப்புகள் ஆங்காங்கே நின்றன. எலெக்ட்ரோடின் முகத்தில் அதே இடங்களில் சிறு குழிகள். குழி இருக்கும் இடத்தில் பொறி விழாது. விழாத இடத்தில் எஃகு அப்படியே நிற்கும். கட்டைக்குள்ளே காற்றுக் குமிழ் இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனாலும் ஆத்திரத்தில் பழி சொல்லக் கூடாது என்று மீதிக் கட்டையில் 50 மி.மீ. சதுரத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டை அளவாக மில் செய்து நிறுத்தேன். நல்ல செம்பாக இருந்தால் 2,235 கிராம் அளவில் நிற்க வேண்டும். நின்றது 2,150 கிராம். அதே துண்டைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து மின் கடத்துதிறன் பார்த்தேன். எலக்ட்ரோலைடிக் செம்பு 100 சதவீத ஐ.ஏ.சி.எஸ். (செம்பின் கடத்துதிறனுக்கான சர்வதேச அளவுகோல்) அளவை ஒட்டி வர வேண்டும். வந்தது 74. அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழைய செம்பை உருக்கி வார்த்த கட்டை என்றே எனக்குப் படுகிறது. அப்படி வார்க்கும்போது ஆக்சிஜனை நீக்கப் பாஸ்பரஸ் சேர்ப்பார்கள். செம்பில் 0.04 சதவீதம் பாஸ்பரஸ் தங்கிவிட்டாலே கடத்துதிறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். குழாய் போட அந்தச் செம்பு நல்ல செம்பு. பற்றவைக்க வாகாக இருக்கும். எலெக்ட்ரோடுக்கு அது ஆகாது. செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். அப்படியிருந்தும் பொறியில் எஃகு கரைந்து செம்பு நிற்பதற்கு முக்கியக் காரணம், விழுந்த சூட்டைச் செம்பு அந்தக் கணமே உள்ளே இழுத்துக்கொள்வதுதான். மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறைந்த செம்பில் வெப்பத்தைக் கடத்தும் திறனும் குறைந்துவிடும். சூடு முனையிலேயே தங்கும். முதலில் கரைவது மூலைதான்.

உங்கள் பிரதிநிதி என்னிடம், "கரண்டைக் குறைத்துப் போடுங்கள், இல்லையென்றால் கிராஃபைட்டுக்கு மாறிவிடுங்கள்" என்றார். கிராஃபைட் நல்ல பொருள்தான். பெரிய அச்சுகளுக்கு வேகமாகவும் இருக்கும். ஆனால் அதைக் கடைந்தால் கரித்தூள் பறக்கும். அதை உறிஞ்சி எடுக்கும் வசதி என் பட்டறையில் இல்லை. இரண்டு பிள்ளைகள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். அந்தத் தூளை அவர்கள் மூச்சில் ஏற்ற எனக்கு மனமில்லை. எந்த வேலைக்கு எந்தப் பொருள் என்பதை யோசித்துத்தான் செம்பு கேட்டேன். கேட்டதைக் கொடுக்காமல், கேட்டதே தவறு என்று சொல்வது முறையல்ல.

கரண்ட் அமைப்பிலும் பிழை இல்லை. வேறொரு கடையில் சான்றிதழோடு வாங்கிய செம்பில் அதே எலெக்ட்ரோடைக் கடைந்து, அதே மெஷினில், அதே எண்ணெயில், அதே அமைப்பில் இறக்கினேன். காடிக்கு இரண்டு எலெக்ட்ரோடோடு வேலை முடிந்தது. புடைப்பு ஒன்றுகூட இல்லை.

இதற்கிடையில் 46 மணி நேர மெஷின் ஓட்டம் வீணாகிவிட்டது. மோல்டு ஒன்பது நாள் தாமதமாகப் போயிற்று. பதினோரு ஆண்டுகளாக என்னை நம்பி வேலை தரும் வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிந்து நின்றேன். பில் தொகையைவிட அதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

38 கிலோவுக்கான முழுத் தொகையையும், பரிசோதனைக் கட்டணத்தையும், வீணான மெஷின் நேரத்துக்கான கூலியையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். இந்தக் கட்டைகளின் வார்ப்பு எண்ணும் மூலச் சான்றிதழும் எனக்கு வேண்டும். இதே வார்ப்பிலிருந்து வேறு பட்டறைகளுக்குக் கட்டை போயிருந்தால் அவர்களுக்கும் உடனே சொல்லிவிடுங்கள். என்னைப் போல் இன்னொருவர் இரவெல்லாம் மெஷின் அருகே நின்று காரணம் தேடக் கூடாது. விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவு சொல்கிறது. பதில் வராவிட்டால் அதன்படி மேல்நடவடிக்கை எடுப்பேன்.

மீதிக் கட்டைகளையும் மழுங்கிய ஐந்து எலெக்ட்ரோடுகளையும் எண் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், ஆர்டர் நகல், கடத்துதிறன் அறிக்கை, எலெக்ட்ரோடு முகங்களின் படங்கள்.